டூ-வாப்: சேர்ந்திசை அன்று

டூ-வாப் குழுக்களைச் 'சேர்ந்திசைக் குழு' என்று எழுதும் வழக்கம் பரவிக்கொண்டே போகிறது. எரிச்சலாக இருக்கிறது.

சொல்லின் வரலாறு சிறியது. 1950களில் அமெரிக்க நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் தெருமுனைகளில் கூடிப் பாடிய பாணி இது. பின்குரல்கள் எழுப்பும் பொருளற்ற ஒலியே பிற்பாடு பெயராயிற்று. அச்சில் பரவியது 1960களில்தான்.

சேர்ந்திசை என்றால் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் வளர்த்த மரபு நினைவுக்கு வரும்: வரிசையாக நிற்கும் பலர், எதிரே கையசைக்கும் நடத்துநர். (நடத்துநர் என்றதும் பஸ் நினைவுக்கு வருவது தனி வழக்கு.) நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உருவான 'தி கார்ட்ஸ்' குழுவில் பாடியவர்கள் ஐந்தே பேர். கார்ல் ஃபீஸ்டர் முன்குரலில் பாட, மற்றவர்கள் ஒலிகளால் தாங்குவார்கள். அடிக்குரல் தனியே இறங்கி நடக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. இதையா கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்ப்பது?

'பிதற்றிசை' என்றும் ஒருவர் ஆக்கியிருக்கிறார். அது இன்னும் மோசம். வாத்தியம் செய்யும் வேலையைக் குரல் செய்வது பிதற்றலா? தில்லானாவுக்கு அதன் சொற்கட்டே பெயரைக் கொடுத்தது. அதை யாரும் பிதற்றல் என்பதில்லை. தூய தமிழ் எனக்கும் பிடிக்கும், ஆனால் வசைச்சொல் கலைச்சொல் ஆகாது. பாணியை டூ-வாப் என்றே எழுதலாம். பாடுகிறவர்களுக்குக் 'குரலிசைக் குழு' போதும்.

பொருளற்ற ஒலி பெயராகும் என்பதற்குக் கார்ட்ஸின் கதையே சாட்சி. 1954இல், அட்லாண்டிக் நிறுவனத்தின் கிளையான கேட், அவர்களுடைய 'ஷ்-பூம்' பாடலை வேறொருவரின் பாடலை அவர்கள் பாடிய இசைத்தட்டின் பின்பக்கமாக வெளியிட்டது. மக்கள் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். பாட்டு முதல் பத்து இடங்களுக்குள் ஏறியது. அதற்குள் கனடாவின் வெள்ளையர் குழுவான 'க்ரூ கட்ஸ்' அதையே பாடி முதலிடத்தைப் பிடித்துவிட்டது. போதாக்குறைக்கு, கார்ட்ஸ் என்ற பெயரில் ஏற்கெனவே இன்னொரு குழு இருந்தது. கார்ட்கேட்ஸ் ஆனார்கள், பிறகு ஷ்-பூம்ஸ். பொருளற்ற ஒலி குழுவின் பெயராகவே ஆகிவிட்டது. அப்படி ஒரு வெற்றி மட்டும் திரும்ப வரவில்லை.

க்ரூ கட்ஸ் பாடியதை 'மறுபதிவு' என்கிறார்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள். அப்படிச் சொன்னால் கார்ட்ஸே மீண்டும் பாடியதுபோல் ஆகிறது. 'மாற்றார் பதிவு' என்று எழுதுங்கள். மாற்றார் என்பதற்குப் பகைவர் என்ற பொருளும் உண்டு. கார்ட்ஸ் அதை ஆட்சேபித்திருக்க மாட்டார்கள்.