பாட் ரோஸ்ட்: பெயரில் சுட்ட கறி, சட்டிக்குள் புழுக்கு

பாட் ரோஸ்ட் என்பது அமெரிக்க வீடுகளின் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். ஒன்றரைக் கிலோ மாட்டிறைச்சியைத் துண்டு போடாமல் முழுதாக எண்ணெயில் சிவக்கவிட்டு, கனத்த மூடிச்சட்டியில் கொஞ்சம் சாறு ஊற்றி, மூன்று மூன்றரை மணி நேரம் இளஞ்சூட்டிலேயே விட்டுவிடுவார்கள். கத்தி வேண்டாத அளவுக்குக் கறி மெத்தென்று ஆகிவிடும். உடன் வெந்த உருளைக்கிழங்கும் கேரட்டும், அந்தச் சட்டியிலேயே ஊறிய குழம்பும் சேர்ந்ததுதான் சாப்பாடு.

இதைத் தமிழில் ‘பானை வறுவல்’ என்று பெயர்க்கிறார்கள். இரண்டு சொல்லுமே பொருந்தாது. பானைக்குக் கழுத்து உண்டு. உலை வைக்கவும் தண்ணீர் ஊற்றவும் ஆன கலம் அது. முழுக் கறித்துண்டு அந்தக் கழுத்துக்குள் நுழையாது, நுழைந்தாலும் புரட்ட முடியாது. வறுவலோ ஈரத்தை ஓட்டிச் சுண்டவைக்கும் வேலை. பாட் ரோஸ்ட் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் வேலை. பெயரை நம்பி வறுவல் மாதிரிச் செய்தால் கறி செருப்புத்தோலாகிவிடும். சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் சமையலில் பாதி பிடிபட்டது போலத்தான்.

முதலில் ‘ரோஸ்ட்’. பழைய பிரெஞ்சின் ‘ரோஸ்தீர்’ என்ற வினையிலிருந்து 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரெஞ்சுக்கு அது ஜெர்மானியக் கிளை மொழியிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியில் ‘ரோஸ்ட்’ என்றால் இன்றும் கறி சுடும் இரும்புக் கம்பித்தட்டு. ஆகவே வேர்ப்பொருள் நெருப்புக்கு நேரே காட்டிச் சுடுவது. பாத்திரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. இங்கிலாந்தில் நெடுங்காலம் ரோஸ்ட் என்றால், கம்பியில் குத்திக் கனலுக்கு முன் சுழற்றிய கறிதான். மூடிய அடுப்புகள் வீடுகளுக்கு வந்த பிறகு, அடுப்பறைக்குள் வைத்துச் சுட்டதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்படியென்றால் சட்டிக்குள் சாற்றில் வேகும் கறிக்கு ரோஸ்ட் என்ற பெயர் எப்படி வந்தது? அமெரிக்கக் கறிக்கடைப் பேச்சில் ‘ரோஸ்ட்’ வினை மட்டும் இல்லை, பெயரும்கூட. முழுதாகச் சமைப்பதற்கென்று வெட்டிய பெருந்துண்டுக்கே அந்தப் பெயர். தோள்பட்டைத் துண்டு ‘சக் ரோஸ்ட்’, பின்தொடைத் துண்டு ‘ரவுண்ட் ரோஸ்ட்’. கடைக்காரர் அப்படிச் சொல்லிக் கொடுத்தால், அதை நெருப்பில் சுட வேண்டும் என்று பொருளில்லை. பாட் ரோஸ்ட் என்றால் ‘சட்டியில் வேகவைக்கும் பெருந்துண்டு’ என்று புரிந்துகொள்வதே சரி.

தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் ஒரு மடங்கு கூடுதல். நம் ஊர் ஓட்டலில் ‘ஒரு ரோஸ்ட்’ என்றால் மொறுமொறுவென்ற தோசை. கேரளத்து பீஃப் ரோஸ்ட் என்றால் தேங்காய்ப் பல்லும் மிளகும் போட்டு எண்ணெய் பிரியும்வரை சுருளக் கிளறியது. அங்கே கறியை முதலில் வேகவைத்து, பிறகு உலர வறுக்கிறார்கள். பாட் ரோஸ்டில் வரிசை தலைகீழ். முதலில் மேற்புறம் சிவக்கும். வேகுவது அதற்குப் பிறகு, நீர்ச்சூட்டில். கடைசியாக நடக்கும் வேலைதான் பண்டத்துக்குப் பெயர் தர வேண்டும் என்றால் இது எந்த வகையிலும் வறுவல் ஆகாது.

சமையல்கலைப் பாடத்தில் இந்த முறைக்கு ‘பிரெய்ஸ்’ என்று பெயர். பிரெஞ்சில் ‘பிரேஸ்’ என்றால் தணல். சட்டியை அடுப்பில் வைத்து, குழிந்த மூடியின் மேலும் தணலை அள்ளிப் போட்டு, மேலும் கீழும் சூடு தந்து சமைத்ததால் வந்த பெயர். பிரியாணிச் சட்டியின் மூடிமேல் கங்கு போட்டுத் தம் கட்டுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். ‘தம்’ பாரசீகத்தில் மூச்சு. ஆவியை வெளியே விடாமல் உள்ளே அடக்கிவைப்பது. கைமுறையில் பாட் ரோஸ்டுக்கு மிக நெருங்கிய சொல் நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிறது என்பதற்கு இது சான்று. ஆனால் ‘தம் கறி’ என்றால் மசாலாவும் பிரியாணியும் நினைவுக்கு வந்துவிடும். அதனால் இன்னும் ஒரு படி பின்னே போக வேண்டியிருக்கிறது.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு விருந்து வைக்கும் இடம்:

“துராஅய் துற்றிய துருவையம் புழுக்கின்
பராஅரை வேவை பருகெனத் தண்டிக்
காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை”

அறுகம்புல் தின்ற செம்மறியின் புழுக்கிய பருத்த தொடைக்கறி ஒன்று; இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த துண்டு மற்றொன்று. ரோஸ்டையும் பாட் ரோஸ்டையும் அடுத்தடுத்த அடிகளில் வைத்து, ஒன்றுக்குச் ‘சுட்ட’ என்றும் மற்றதற்குப் ‘புழுக்கு’ என்றும் புலவர் பிரித்துச் சொல்லிவிட்டார். ‘பராரை’ என்பது பருத்த தொடை. சிறு துண்டுகளாக அரிந்து போட்ட குழம்பு அல்ல, பெருந்துண்டாக வெந்த கறி.

புழுக்கு என்பது வழக்கொழிந்த சொல்லும் அல்ல. நெல்லை அவித்தால் புழுங்கல் அரிசி. காற்றடிக்காத ஈரச்சூடு புழுக்கம். யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். மலையாளத்தில் கப்பைப் புழுக்கு (அவித்த மரவள்ளிக்கிழங்கு) இன்றைக்கும் அன்றாட உணவு. இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே பொருள்: ஈரமும் சூடும் சேர்ந்து, மெல்ல, உள்ளே போய் இளக்குவது. பாட் ரோஸ்ட் சட்டிக்குள் நடப்பது அட்சரம் பிசகாமல் இதுதான். காதில் ‘புழு’ விழுகிறதே என்று சிலர் தயங்கக்கூடும். புழுங்கல் சோறு சாப்பிடும்போது யாருக்கும் அந்த நினைவு வருவதில்லை. புழங்கப் புழங்கச் சரியாகிவிடும்.

ஆகவே தமிழில் ‘சட்டிப் புழுக்கு’. மாட்டிறைச்சியில் செய்தது மாட்டிறைச்சிச் சட்டிப் புழுக்கு. வாய் அகன்று அடி கனத்த கலம் சட்டி, உள்ளே நடக்கிற வேலை புழுக்கு. பிரெய்ஸ் என்ற வினைக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும் என்றால் ‘சிவக்கவிட்டுப் புழுக்குதல்’ என்று சொல்லலாம். நீளம்தான், ஆனால் செய்முறை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

பாத்திரத்தின் பெயரிலும் இதே கோளாறு. ‘டச்சு அவன்’ என்கிறார்கள். அது ‘அவன்’ (oven) எனும் மூடிய அடுப்பு அல்ல, கனத்த மூடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டி. ஹாலந்துக்குப் போய் உலோக வார்ப்பு வேலையைப் பார்த்து வந்த ஆங்கிலேயர் ஆபிரகாம் டார்பி, மணல் அச்சில் இரும்புச் சட்டி வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை பெற்றார். சட்டியோடு டச்சுப் பெயர் ஒட்டிக்கொண்ட கதையில் பெரும்பாலும் சொல்லப்படுவது இதுதான். வீட்டில் எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி இருந்தால் நல்லது. பூச்சு இல்லாத இரும்புச் சட்டியில் தக்காளி மூன்று மணி நேரம் கிடந்தால் குழம்பில் இரும்பு வாடை ஏறும். அடி கனத்த பிரியாணிச் சட்டியும் போதும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மைதா மாவு பிசைந்து விளிம்பில் ஒட்டிவிடலாம்.

இனிச் செய்முறை. கறி வாங்கும் இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ஜவ்வும் இடையிடையே கொழுப்பும் ஓடும் தோள்பட்டைக் கறி அல்லது நெஞ்சுக்கறி கேளுங்கள், ஒன்றரைக் கிலோ, ஒரே துண்டாக. கொழுப்பில்லாத பின்தொடைக் கறி பார்க்க அழகாக இருக்கும், வெந்ததும் வறண்டுவிடும். ஜவ்வை அரிந்து எடுத்துவிடச் சொல்லாதீர்கள், மேலே வெள்ளையாகத் தடித்திருக்கும் பட்டையை மட்டும் சீவினால் போதும். ஆட்டுக்கால் பாயா உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டுமே, அதே பசைதான் இந்த ஜவ்விலிருந்து இறங்கிக் கறியை மெத்தென்று ஆக்கப்போகிறது.

முந்தின இரவே இரண்டரைத் தேக்கரண்டி தூளுப்பும் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளும் தடவி, மூடாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். சமைக்கும்போது துணியால் ஒற்றி ஈரத்தை முழுக்க எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் அந்த நீர் வற்றும்வரை கறியின் மேற்புறச் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சிவக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கறியை இறக்கி, நான்கைந்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள். அவசரப்பட்டுப் புரட்டினால் ஒட்டிக்கொண்டு பிய்யும். சிவந்ததும் தானாக விடும். எல்லாப் பக்கமும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும். இப்படிச் சிவக்கவிடுவது ‘சாற்றை உள்ளே பூட்டிவைக்கும்’ என்று பல சமையற்குறிப்புகள் சொல்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து அது, தவறானது. எதுவும் பூட்டப்படுவதில்லை. சிவக்கவிடுவது மணத்துக்கும் நிறத்துக்கும்தான், ஆனால் அந்த மணம் இல்லாமல் இது வெறும் அவித்த கறி.

கறியை எடுத்துவைத்துவிட்டு அதே சட்டியில் பெரிய வெங்காயம் இரண்டு, செலரி இரண்டு தண்டு, ஆறு பல் பூண்டு போட்டு வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுதைச் சேர்த்துச் செங்கல் நிறம் வரும்வரை கிளறுங்கள். அரை லிட்டர் எலும்புச்சாறு ஊற்றி, அடியில் பிடித்திருப்பதை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிட வேண்டும். அமெரிக்க வீடுகளில் கொஞ்சம் சிவப்பு வைனும் சேர்ப்பார்கள். அது வேண்டாம் என்றால் ஒரு மேசைக்கரண்டி வினிகர் போதும். இரண்டு பிரிஞ்சி இலை, கொஞ்சம் தைம் (thyme) என்ற வாசனை இலை. கறியைத் திரும்ப வைத்தால் சாறு அதன் பாதி உயரத்துக்கு நிற்க வேண்டும். முங்க முங்க ஊற்றினால் சூப்புதான் கிடைக்கும்.

மூடி, 150 டிகிரி அவனில் வையுங்கள். அவன் இல்லாவிட்டால் அடுப்பில் பழைய தோசைக்கல் ஒன்றைப் போட்டு, அதன்மேல் சட்டியை வைத்துச் சிம்மில் விடலாம், அடி பிடிக்காது. 40 நிமிடத்துக்கு ஒரு தடவை கறியைப் புரட்டிவிடுங்கள். சாறு தளதளவென்று கொதிக்கவே கூடாது. மூடியைத் திறந்து பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழ வேண்டும். கொதித்தால் நார் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளிவிடும்.

பலரும் தோற்கிற இடம் இரண்டாவது மணி நேரம். குத்திப் பார்த்தால் கறி ரப்பர் போல நிற்கும். அதிகமாக வெந்துவிட்டது என்று பயந்து இறக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது இன்னும் வேகவில்லை. சதை நார் 60, 65 டிகிரியிலேயே இறுகத் தொடங்கிவிடும். ஜவ்வு இளகுவதோ 70 டிகிரிக்கு மேல், அதுவும் மணிக்கணக்கில். நார் இறுகி முடிந்து ஜவ்வு இன்னும் இளகாத அந்த இடைவெளியில்தான் கறி மிகக் கடினமாக இருக்கும். மூடியை மூடிவிட்டுக் காத்திருங்கள். நடுக்கறி 95 டிகிரியைத் தொடும் வாக்கில் கதை மாறிவிடும். வெப்பமானி இல்லையென்றால் முட்கரண்டியைக் குத்தி லேசாகத் திருகுங்கள். எதிர்ப்பே இல்லாமல் இழை இழையாகப் பிரிந்தால் பதம். வயதான மாட்டின் கறிக்கு நான்கு மணி நேரமும் ஆகலாம்.

உருளைக்கிழங்கு 600 கிராம், கேரட் 400 கிராம், இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிக் கடைசி ஒரு மணி நேரத்தில் போடுங்கள். ஆரம்பத்திலேயே போட்டால் கரைந்துபோகும்.

குக்கரில் செய்வதென்றால் கறியை இரண்டு பெருந்துண்டாக்கி, ஒன்றரைக் கோப்பை சாறு ஊற்றி, முதல் விசில் வந்ததும் சிம்மில் ஒரு மணி நேரம். உள்ளே சூடு ஏறக்குறைய 120 டிகிரி என்பதால் நேரம் குறைகிறது. ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி அவசரமாக வெளியேற்றினால் சாறு குபீரென்று கொதித்துக் கறி வறண்டுவிடும். காய்களைப் பிறகு போட்டு ஒரு விசில்.

வெந்த கறியை எடுத்து 20 நிமிடம் மூடிவையுங்கள். அதற்குள் சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, நீர்த்திருந்தால் கொதிக்கவிட்டுச் சுண்டவைக்கலாம். அல்லது ஒரு மேசைக்கரண்டி சோளமாவை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றலாம். உப்பைப் பார்த்துச் சேர்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான், ஏனென்றால் சுண்டும்போது உப்பு ஏறும். கறியை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அறுங்கள். நெடுக்கே அறுத்தால் நன்றாக வெந்த கறியும் வாயில் நூல் நூலாக நிற்கும்.

மிச்சம் இருந்தால் சாற்றிலேயே முங்கவைத்து ஆறவிடுங்கள், வெளியே எடுத்துவைத்தால் காய்ந்துபோகும். மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும்போது சாறு பாயா உறைந்தது போல ஆடிக்கொண்டு நிற்கும், கொழுப்பு மேலே தகடாகக் கிடக்கும். தகட்டை எடுத்துவிட்டு, குளிர்ந்த கறியை அரை அங்குலக் கனத்தில் வெட்டி, அந்தச் சாற்றிலேயே மூடிபோட்டுச் சிம்மில் சூடாக்குங்கள். முதல் நாள் சூட்டோடு வெட்டியபோது உதிர்ந்த கறி, இப்போது துண்டு கலையாமல் நிற்கும்.