மெழுகு திறக்கும் கதவு

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய 2004 ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சிறு வேலைகளை வீட்டு வாசலில் வைத்து அவரே பார்த்துக்கொள்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் எஞ்சின் சூடேறியபோது ஒரு மெக்கானிக், “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாராம். எஞ்சின் போதிய சூடேறும்வரை, தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் கதவு அது. அது முதல் நெடுஞ்சாலையில் போகும்போது சூடு காட்டும் முள் பாதி தூரம்கூட ஏறுவதில்லை, மைலேஜும் குறைந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி மாட்ட வேண்டுமா என்று கேட்கிறார்.

கட்டாயம் மாட்ட வேண்டும். வெயில் 40 டிகிரி என்பது நமக்குத்தான் சூடு. 90 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓட வேண்டிய எஞ்சினுக்கு அது குளிர். குளிர்ந்த எஞ்சின் தனக்கு இன்னும் சூடேறவில்லை என்று கருதிக் கூடுதலாகப் பெட்ரோலைக் குடிக்கிறது. பெட்ரோல் எரியும்போது பிறக்கும் நீராவியில் ஒரு பகுதி ஆவியாக வெளியேறாமல் ஆயிலில் கலந்துவிடுகிறது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் அடிப்பக்கம் மோர் திரிந்ததுபோல வெளிறிய பசை ஒட்டியிருப்பது அதனால்தான். சில எஞ்சின்களில் இந்த வால்வு திறக்கும்போதே ரேடியேட்டருக்குப் போகாத குறுக்குவழியை அடைத்துவிடும். அவற்றில் வால்வைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலேயே எஞ்சினுக்குத் திரும்பும்; சூட்டைக் குறைக்கச் செய்த காரியமே சூட்டைக் கூட்டும்.

அந்த வால்வு கைக்குள் அடங்கும் ஒரு பித்தளைப் பண்டம். மின்கம்பியோ உணர்கருவியோ அதில் கிடையாது. உள்ளே இருப்பது மெழுகு. வீட்டில் மெழுகுவத்தி வார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள்: ஊற்றும்போது அச்சின் விளிம்புவரை நிரம்பியிருந்த மெழுகு, ஆறியபின் நடுவில் குழிந்துபோகும். உறைகையில் சுருங்கும் அந்த மெழுகு, உருகும்போது அதே அளவுக்கு விரியவும் வேண்டும். பாரஃபின் மெழுகு உருகினால் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு கன அளவு கூடுகிறது. உறுதியான பித்தளைக் குப்பி ஒன்றில் அடைத்துவிட்டால் விரிவதற்கு அதற்கு இடமில்லை. குப்பியின் நடுவே ரப்பர் உறைக்குள் முனை கூம்பிய ஓர் எஃகு ஊசி செருகப்பட்டிருக்கிறது. விரியும் மெழுகு நாலாபுறமும் ரப்பரை நெருக்க, ஈர விரல்களுக்கிடையே அழுத்திய புளியங்கொட்டை வழுக்கித் தெறிப்பதுபோல ஊசி வெளியே தள்ளப்படுகிறது. ஊசியின் மறுமுனை சட்டத்தில் ஊன்றியிருப்பதால் நகர்வது ஊசியன்று, குப்பி. அது ஸ்பிரிங்கை எதிர்த்துக் கீழிறங்க, கூடவே கதவும் திறக்கிறது. ஆறியதும் மெழுகு சுருங்க, ஸ்பிரிங் கதவை மூடிவிடுகிறது.

எந்தச் சூட்டில் திறப்பது என்பதைத் தீர்மானிப்பது மூலக்கூறின் நீளம் என்பதுதான் எனக்கு அலுக்காத வியப்பு. மெழுகு என்பது கார்பன் சங்கிலிகளின் கூட்டம். சங்கிலி நீள நீள உருகுநிலை ஏறும். 40 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி 82 டிகிரியை ஒட்டி உருகுகிறது. மெழுகு வெப்பத்தை மந்தமாகவே கடத்தும் என்பதால் அதில் செம்புத் தூளைக் கலக்கிறார்கள். இதற்கு முன்பிருந்த வால்வுகளில் எளிதில் ஆவியாகும் திரவம் நிரம்பிய, துருத்திபோல விரியும் குப்பி இருந்தது; ரேடியேட்டரை அழுத்த மூடி போட்டு அடைக்கும் வழக்கம் வந்ததும் அந்த அழுத்தமே துருத்தியை நெருக்கிக் குழப்பியது. மெழுகுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1930களில் அமெரிக்கர் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த ஏற்பாடு இன்றும் ஓடுகிறது. 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளின் பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடாகாமல் காத்த சுவிட்சுகளும் மெழுகால் இயங்கியவைதாம். புது வண்டியின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவதில் எனக்குச் சண்டையில்லை. அந்த நம்பிக்கையில் பாதியையாவது இந்தக் குப்பியின்மேல் வைக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆனால் மெழுகுக் குப்பிக்கும் வயதாகும். ரப்பர் தளர்ந்து மெழுகு கசிந்தால் கதவு தாமதமாகத் திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது. ஆகவே புதிய வால்வையும் சோதித்தே மாட்டுங்கள். கதவின் இடுக்கில் ஒரு தையல் நூலைக் கவ்வக் கொடுத்து, அந்த நூலாலேயே வால்வைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அடியில் படாமல் தொங்கவிட்டு, வெப்பமானியை அருகில் வைத்து அடுப்பை ஏற்றுங்கள். கதவு திறக்கும் கணத்தில் நூல் நழுவி, வால்வு “டங்” என்று அடியில் விழும். அப்போதைய சூடு வால்வில் பொறித்துள்ள எண்ணை ஒட்டியிருந்தால் பழுதில்லை. ஊட்டியில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவும்: அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், கதவு முழுதாகத் திறப்பதைப் பாத்திரத்தில் பார்க்க முடியாமல் போகலாம்.

எஞ்சின் நன்றாக ஆறியபின்பே ரேடியேட்டர் மூடியைத் தொடுங்கள். வால்வை மாட்டும்போது குப்பி எஞ்சின் பக்கமும், காற்று வெளியேறும் சிறு துளை மேற்பக்கமும் இருக்க வேண்டும். மூட்டில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள். மூடியை மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். பல நிமிடங்கள் அது வெதுவெதுப்பாகவே இருக்கும். பிறகு சட்டென்று கை பொறுக்காத சூடு ஏறும். உள்ளே மெழுகு உருகிவிட்டது.