விஸ்கியில் தண்ணீர் விட்டால் மணம் ஏன் மாறுகிறது?

ஒரே புட்டிதான். ஒருவர் ருசித்துவிட்டு "புகை, தார், கடல் உப்பு" என்று குறிப்பு எழுதுகிறார். இன்னொருவருக்கு அதிலேயே "வெனிலா, பேரிக்காய், தேன்" கிடைக்கிறது. விஸ்கி ரசிகர்களிடையே இந்த முரண்பாடு ஓயாமல் வரும். மூக்குக்கு மூக்கு வேறுபாடு என்று சொல்லி அதைக் கடந்துவிடுவார்கள். மூக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இருவரின் கிளாஸிலும் இருந்தது ஒரே திரவமா? ஒருவர் ராவாகவும் மற்றவர் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டும் குடித்திருந்தால், வேதியியல் கணக்கில் அவை இரண்டு வெவ்வேறு கரைசல்கள். இரண்டு குறிப்புகளுமே சரியாக இருக்க முடியும்.

விஸ்கியில் 99 சதவீதத்துக்கு மேல் இருப்பது தண்ணீரும் எத்தனால் என்ற ஆல்கஹாலும்தான். நாம் வியந்து பேசும் மணங்கள் எல்லாம் மிச்சமிருக்கும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பகுதியில் அடங்கிவிடுகின்றன. நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற மணச் சேர்மங்களில் ஐசோஅமைல் அசிடேட் வாழைப்பழ வாசனை தரும். எத்தில் ஹெக்சனோயேட் ஆப்பிளை நினைவூட்டும். ஓக் பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டும்போது மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் பிறக்கிறது. தேங்காய் வாசனைக்கு ஓக் லாக்டோன், கிராம்பு வாசனைக்கு யூஜெனால். ஸ்காட்லாந்தின் ஐலா தீவின் பல விஸ்கிகளில் வரும் புகை வாசனைக்குக் காரணம், மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியைப் பீட் (சதுப்பு நிலத்தில் மட்கிய தாவரக் கரி) புகையில் உலர்த்தும்போது அதில் படியும் ஃபீனால்கள்: குவாயகால், கிரெசால், ஃபீனால்.

இந்த மூலக்கூறுகள் கிளாஸில் எங்கே இருக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. திரவத்தின் மேற்பரப்பில் இருப்பவை ஆவியாகி மூக்குக்கு வரும். உள்ளே அமிழ்ந்து கிடப்பவை வராது.

எத்தனாலும் தண்ணீரும் எந்த அளவிலும் கலக்கும். ஆனால் மூலக்கூறு அளவில் அது சீரான கலவை அல்ல. எத்தனால் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளும், மறுமுனை தண்ணீரிலிருந்து விலகப் பார்க்கும். 50 மில்லி தண்ணீரும் 50 மில்லி தூய எத்தனாலும் சேர்ந்தால் 100 மில்லி வராது, 96 மில்லியை ஒட்டித்தான் வரும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்வதன் அடையாளம் இது. தண்ணீர் அதிகமுள்ள கலவையில், தண்ணீரைத் தவிர்க்கும் முனையைக் காற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு எத்தனால் மேற்பரப்பில் கூடுகிறது. அதோடு ஒட்டி உறவாடும் மண மூலக்கூறுகளும் மேலே வந்துவிடுகின்றன.

ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் இருவரும் 2017-இல் இதைக் கணினி உருவகப்படுத்தலில் ஆராய்ந்தார்கள். எடுத்துக்கொண்ட மூலக்கூறு, புகை வாசனை தரும் குவாயகால். எத்தனால் 45 சதவீதம் வரை உள்ள கலவைகளில் குவாயகால் பெரும்பாலும் திரவமும் காற்றும் சந்திக்கும் பரப்பிலேயே இருந்தது. 59 சதவீதமோ அதற்கு மேலோ போனால் எத்தனால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொண்டு பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிட்டன. பீப்பாயில் ஊறும் விஸ்கி பெரும்பாலும் இந்த உயர்ந்த செறிவில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பீப்பாயில் நிரப்பும்போது வழக்கமான அளவு 63.5 சதவீதம். 60 சதவீதத்தில் புட்டியில் அடைத்த விஸ்கியை ராவாக முகர்ந்து "புகை அவ்வளவாக இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் மூக்கைக் குறை சொல்லக் கூடாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இது ஒரே ஒரு மண மூலக்கூறை வைத்துச் செய்த கணக்கு, மனித மூக்கை வைத்துச் செய்த சோதனை அல்ல.

எல்லா மூலக்கூறும் குவாயகால் போல நடந்துகொள்வதும் இல்லை. எத்தில் லாரேட், எத்தில் பால்மிடேட் போன்ற நீண்ட சங்கிலி எஸ்டர்கள் கொழுப்புத்தன்மை கொண்டவை. எத்தனால் குறையக் குறைய அவற்றால் கரைந்திருக்க முடியாமல் நுண்ணிய திரள்களாக ஒன்று சேர்கின்றன. தண்ணீரை வெறுக்கும் பிற மண மூலக்கூறுகளையும் இந்தத் திரள்கள் தமக்குள் இழுத்துக்கொள்ளும் என்பதை ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். ஆக, தண்ணீர் சில மணங்களை மேலே அனுப்புகிறது, சிலவற்றைச் சிறை வைக்கிறது. "தண்ணீர் விட்டால் விஸ்கி திறந்துகொள்ளும்" என்பது பாதி உண்மை மட்டுமே.

இந்தத் திரள்களைக் கண்ணாலும் பார்க்கலாம். 46 சதவீதத்துக்குக் கீழே, குறிப்பாகக் குளிர்ந்த நிலையில், விஸ்கி லேசாகப் புகைமூட்டம் போலக் கலங்கும். புட்டி கலங்கினால் வாங்குபவர் சந்தேகப்படுவார் என்பதால், பல நிறுவனங்கள் விஸ்கியைச் சுழிய டிகிரி அளவுக்குக் குளிர்வித்து வடிகட்டிவிடுகின்றன. குளிர்வடிகட்டல் செய்யாதவர்கள் 46 சதவீதத்தில் அடைப்பதற்குக் காரணமும் இதுதான். அப்படிப்பட்ட விஸ்கியில் ஐஸ் போட்டுக் கலங்கினால் அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. எஸ்டர்கள் வடிகட்டப்படாமல் உள்ளேயே இருக்கின்றன, அவ்வளவுதான்.

எவ்வளவு தண்ணீர் என்று வரும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். "இரண்டு சொட்டு விடுங்கள்" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. 46 சதவீத விஸ்கி 25 மில்லியில் இரண்டு சொட்டு விட்டால் செறிவு 45.8 சதவீதமாகும். மொத்தக் கலவையில் இதனால் பெரிய மாற்றம் நேர வழியில்லை. சொட்டு விட்டதும் மேற்பரப்பு கலைந்து ஒரு கணம் மணம் எழும். ருசிப்பவர் கவனமாக முகர்வதாலும் கூடுதலாக ஏதோ தெரியும். உண்மையான மாற்றம் வேண்டுமென்றால் மில்லி கணக்கில் ஊற்ற வேண்டும்.

கணக்கு எளிது. ஊற்றிய விஸ்கியின் அளவை லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி, வேண்டிய சதவீதத்தால் வகுத்தால் மொத்த அளவு வரும். அதிலிருந்து விஸ்கியின் அளவைக் கழித்தால் ஊற்ற வேண்டிய தண்ணீர். 57 சதவீத விஸ்கி 20 மில்லியை 45-க்குக் கொண்டுவர 5.3 மில்லி தண்ணீர் வேண்டும்; 30-க்கு 18 மில்லி; 20-க்கு 37 மில்லி. கலக்கும்போது ஏற்படும் சுருக்கத்தை இந்தக் கணக்கு கண்டுகொள்வதில்லை, ருசிப்பதற்கு அந்த வித்தியாசம் பொருட்டல்ல. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று இருந்தால் போதும், வேறு கருவி தேவையில்லை. ஸ்பூன் நம்பகமான அளவுகோல் அல்ல. 40 சதவீத விஸ்கி 20 மில்லியில் 5 மில்லி ஸ்பூன் ஒன்று விட்டாலே 32-க்கு இறங்கிவிடும்.

ஸ்காட்லாந்தின் கலவை வல்லுநர்கள் பீப்பாய் மாதிரிகளை 20 சதவீதத்துக்கு நீர்த்துத்தான் முகர்வது வழக்கம். குறைகள் அந்தச் செறிவில் ஒளிந்துகொள்ள முடியாது: ரப்பர், கந்தகம், வேகவைத்த முட்டைகோஸ் எல்லாம் பளிச்சென்று வெளிப்படும். ஆனால் அது குறை தேடும் வேலை. ரசிப்பதற்கு 20 மிகவும் தாழ்ந்த அளவு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் ஒரே வகைக்குள் இருக்கும் விஸ்கிகளை மணத்தால் பிரித்தறிவது கடினமாகிவிட்டது. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ச், அமெரிக்காவின் போர்பன் என்ற வகை வேறுபாடு அப்போதும் தெரிந்தது. புட்டிக்குப் புட்டி உள்ள தனித்தன்மைதான் மங்கியது. புட்டியின் குணத்தை அறிய விரும்புகிறவர் அந்த எல்லைக்குள் நின்றுகொள்வது நல்லது.

படிப்படியாக இறங்குவதே சிறந்த முறை. முதலில் ராவாக முகர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2 மில்லி தண்ணீர் விட்டு, மெல்லச் சுழற்றி, மூன்று நிமிடம் காத்திருங்கள். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தால் தண்ணீர் விழுந்த இடத்திலிருந்து எண்ணெய் போன்ற இழைகள் சுருண்டு பிரிவது தெரியும். அது எண்ணெய் அல்ல. ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும் இரண்டு திரவங்கள் இன்னும் கலந்து முடியவில்லை என்பதன் அடையாளம். இழைகள் மறையும் வரை முகர வேண்டாம். பிறகு அடுத்த 2 மில்லி. ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் ஒரே அடியாக ஊற்றுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

தண்ணீரும் விஸ்கியும் ஒரே அறை வெப்பநிலையில், 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்கட்டும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் எத்தனாலின் ஆவி அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மண மூலக்கூறுகளுக்கும் அதே கதிதான். ஐஸ் போட்ட கிளாஸில் மணம் படுத்துவிடுவது இதனால்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் தவிர்த்துவிடுங்கள். குளோரின் ஃபீனால்களோடு சேர்ந்து உருவாகும் குளோரோஃபீனால்கள் மிகச் சொற்ப அளவிலேயே மருந்து வாடை அடிக்கும். தாதுக்கள் குறைந்த புட்டித் தண்ணீர் நல்லது.

வாய்க்குள் நடப்பது இன்னொரு கணக்கு. மிளகாயின் காரத்தையும் சூட்டையும் உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியை எத்தனாலும் தூண்டுகிறது. வழக்கமாக 42 டிகிரி வாக்கில் விழிக்கும் அந்த ஏற்பி, எத்தனால் முன்னிலையில் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. 34 என்பது நம் உடல் சூட்டைவிடக் குறைவு. அதாவது வாயின் இயல்பான வெதுவெதுப்பையே நரம்புகள் எரிச்சலாகப் படிக்கின்றன. எரியும் நாக்கில் நுண்மையான சுவைகள் பதியாது. தண்ணீர் விட்டதும் "இனிப்பு தெரிகிறது" என்று பலர் சொல்வதில் பெரும்பங்கு எரிச்சல் தணிந்ததற்கே உரியது. புதிதாக இனிப்பு எதுவும் கிளாஸுக்குள் வந்துவிடவில்லை.

கிளாஸைப் பற்றிச் சுருக்கமாக: அடி அகன்று வாய் குறுகியது எதுவானாலும் சரி. மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயைச் சற்றுத் திறந்தபடி விளிம்புக்கு மேல் வைத்து முகருங்கள். தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அந்த மணத்துக்குப் பழகி அதை அறிவிப்பதையே நிறுத்திவிடும், இடைவெளி அவசியம். புகை விஸ்கியைக் கடைசிக்கு வையுங்கள். ஃபீனால்கள் வாயில் நெடுநேரம் தங்கி அடுத்த கிளாஸையும் புகையாக்கிவிடும்.

குறிப்பைப் பகிரும்போது மணங்களோடு இந்த விவரங்களும் இருந்தால்தான் இன்னொருவர் அதைச் சரிபார்க்க முடியும்: "57 சதவீதம், 20 மில்லி, அறை வெப்பம். ராவாக: வார்னிஷ், கருகிய சர்க்கரை. 5 மில்லி தண்ணீருக்குப் பின்: ஈரச் சாம்பல், எலுமிச்சைத் தோல். 10 மில்லிக்குப் பின்: சாம்பல் குறைந்து வெறும் மால்ட்."

தண்ணீர் உண்டாக்கிய மாற்றம் கிளாஸில் இருக்கிறதா, எதிர்பார்ப்பில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் மூன்று கிளாஸ் சோதனை செய்யலாம். ஒரே விஸ்கியை மூன்றில் ஊற்றி, இரண்டை 45 சதவீதத்துக்கும் ஒன்றை 40-க்கும் நீர்த்து, வேறொருவரிடம் கொடுத்து இடம் மாற்றச் சொல்லுங்கள். நிறம் காட்டிக்கொடுக்காதபடி வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, மாறுபட்டது எது என்று முகர்ந்து மட்டும் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வந்துவிடும் என்பதால் ஒரே முறையில் முடிவுக்கு வரக் கூடாது. ஆறு முறை செய்து ஐந்தோ ஆறோ சரியாக வந்தால், அது அதிர்ஷ்டத்தால் நேர்ந்திருக்கும் வாய்ப்பு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.