ஈறைக் கிழிக்காமல் இம்பிளான்ட்: கைடு சரியாக உட்கார்ந்ததா?

"கத்தி இல்லை, தையல் இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் பல் இம்பிளான்ட் (இழந்த பல்லுக்காகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு) பற்றி விசாரிக்க வருகிறார்கள். முறை நல்லதுதான், வலியும் வீக்கமும் குறைவு. ஆனால் ஈறைத் திறக்காதபோது எலும்பு மருத்துவரின் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேனையும், டிரில் எங்கே எந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்று வழிகாட்டும் கைடு என்ற அச்சையும் நம்பித்தான் துளை போட வேண்டும்.

ஓபிஜி (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே) படம் எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. அதனால் சிபிசிடி என்ற 3டி ஸ்கேன் அவசியம். அண்ணா நகரிலோ தி. நகரிலோ ஸ்கேன் சென்டரில் எடுப்பவர்கள் ஃபிலிமோடு திரும்பிவிடாமல் டைகாம் ஃபைலையும் (ஸ்கேனின் டிஜிட்டல் பதிவு) கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் சாஃப்ட்வேரில் திட்டம் போட முடியும். வாய்க்குள் எடுத்த ஸ்கேனை அதோடு பொருத்தி இடம், சாய்வு, நீளம் எல்லாம் முடிவாகும். கீழ்த்தாடை நரம்புக்கு மேல் 2 மி.மீ., பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ., இரண்டு இம்பிளான்டுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி வேண்டும். வாயில் உலோக கேப் நிறைய இருந்தால் படத்தில் கீற்றுகள் விழும், பொருத்தம் பிசகும்.

3டி பிரின்டரில் வரும் கைடைப் பல்மேல் வைத்து விரலால் அழுத்தினால் ஆடக்கூடாது. அதில் விட்டிருக்கும் ஜன்னல்கள் வழியே பார்த்தால் பல் முனை கைடை ஒட்டி இருக்க வேண்டும். ஸ்கேனுக்குப் பிறகு பல் அடைத்திருந்தாலோ பிடுங்கியிருந்தாலோ உட்காராது. அமுக்கித் திணிக்காமல் புதிதாகச் செய்வதே சரி. நன்றாக உட்கார்ந்த கைடிலும் இம்பிளான்டின் நுனி சராசரியாக 1 மி.மீ.க்கு மேல் விலகலாம். 2 மி.மீ. விடச் சொல்வது அதற்காகத்தான்.

கைடு துளையை மூடிக்கொள்வதால் டிரில்லைக் குளிர்விக்கும் சலைன் (உப்பு நீர்) உள்ளே சரியாக இறங்காது. டிரில் சூட்டில் எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கும். டிரில்லை அடிக்கடி வெளியே எடுத்துத் துளைக்குள் குளிர்ந்த சலைன் விட வேண்டும். கடைவாய்க்கு இன்னொரு சிக்கல்: கைடு டிரில் நீளமானது, வாய் நன்றாகத் திறக்காதவருக்கு நுழையாது. ஸ்கேனுக்கு அனுப்பும் முன்பே அளந்துவிடலாம்.

எலும்பு மெலிந்தவர்களுக்கும் பல்லைச் சுற்றி இருக்கும் அசையாத கெட்டி ஈறு குறைந்தவர்களுக்கும் திறந்து செய்வதே பாதுகாப்பு. சுகர் இருந்தால் ஹெச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி சர்க்கரை அளவு) ரிப்போர்ட் கொண்டு வாருங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மரத்துப்போகும் ஊசியின் வேகம் இறங்கிய பிறகும் கீழுதடு மரத்தே இருந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நரம்பை அழுத்தும் இம்பிளான்டைச் சீக்கிரம் எடுத்தால்தான் உணர்வு திரும்ப வாய்ப்பு அதிகம்.