வெளிநாட்டில் உடல்நலம் குன்றினால் யார் பணம் தருவார்: பிரவாசி பாரதிய பீமா யோஜனா விளக்கம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறவர்கள் வேலூர் பக்கத்தில் பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் இன்றும் இருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் நல்ல அட்டைதான் அது. ஆனால் திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் மட்டுமே அது செல்லும்; ரியாத்திலோ கோலாலம்பூரிலோ அதை நீட்டிப் பயனில்லை. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் அட்டைக்கும் இதே எல்லைதான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் ஏழைத் தொழிலாளிக்கென்று தனியாக ஒரு காப்பீடு இருக்கிறது. பலர் அதற்குப் பணம் கட்டிவிட்டே போகிறார்கள். கட்டியது எதற்கு என்று அவர்களுக்கும் தெரிவதில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிவதில்லை என்பதால்தான் இந்த விளக்கம்.

பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அந்தத் திட்டம் 2003 டிசம்பர் 25 முதல் நடைமுறையில் உள்ளது. இப்போதைய வடிவம் 2017 ஆகஸ்ட் 1 முதல் நடப்பது. பத்தாம் வகுப்பு தேறாத காரணத்தால் பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற குறிப்பு உள்ளவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியிடம் அனுமதி பெற்றாக வேண்டும். சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா ஆகிய, நம் பக்கத்து ஆட்கள் அதிகம் போகும் நாடுகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. இந்த அனுமதிக்கான விண்ணப்பம் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையத்தளத்தின் வழியாகப் போகிறது, காப்பீட்டுப் பாலிசி இல்லாமல் அனுமதி கிடைக்காது. பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், அத்துடன் அப்போதுள்ள வரி. ஏஜென்ட் வாங்கும் பெருந்தொகைக்குள் இந்தச் சிறுதொகை கலந்துவிடுவதால் பாலிசித் தாளைத் தனியாகக் கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் வளரவில்லை. (பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம் என்பதையும் இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.)

இந்தப் பாலிசி எதற்கெல்லாம் பணம் தருகிறது என்பதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதில் கவனிக்க வேண்டிய சொல் 'விபத்து'. கட்டடத்திலிருந்து விழுவதும் சாலையில் அடிபடுவதும் விபத்து. உறக்கத்தில் வரும் மாரடைப்பு விபத்து ஆகாது. இறந்த செய்தி வந்ததும் "பத்து லட்சம் வரும்" என்று ஊரில் யாராவது சொல்லிவிடுகிறார்கள், இறப்புச் சான்றிதழில் காரணம் இயற்கை மரணம் என்று இருப்பதைப் பிறகுதான் குடும்பம் பார்க்கிறது.

மருத்துவச் செலவுக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய், ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் 50,000 ரூபாய் வரை என்பது வரம்பு. வெளிநாட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் படுத்தால் இந்தத் தொகை எந்த மூலைக்கும் போதாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். ஆகவே இந்தத் திட்டத்தை முழு மருத்துவக் காப்பீடாக நினைப்பது பிழை. இதன் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. உடல்நிலை வேலைக்குத் தகுதியற்றுப் போனாலும், தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை இடையில் முடிக்கப்பட்டாலும் ஊர் திரும்ப ஒருவழிச் சாதாரண வகுப்பு விமானக் கட்டணம் உண்டு. வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 ரூபாய் வரை உண்டு. பெண் தொழிலாளர்களுக்கு மகப்பேற்றுச் செலவுக்கும் இடம் உண்டு. இறப்பு நேர்ந்தால் உடலைக் கொண்டுவரும் செலவும், உடன் வரும் ஒருவரின் விமானக் கட்டணமும் கோரலாம். இந்தக் கோரிக்கையைப் பயணம் முடிந்த 90 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். கருமகாரியம் முடிந்து, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் 90 நாள் ஓடியே போய்விடும்.

ஊரில் உள்ள மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு தரும் ஒரு பிரிவும் இதில் உள்ளது. அது எப்போதும் ஓடும் குடும்பக் காப்பீடு என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். காப்பீடு பெற்றவர் இறந்துவிட்டால் அல்லது நிரந்தரமாக ஊனமுற்றால்தான் அந்தப் பிரிவு உயிர்பெறும்.

முதலாளி மாறினாலும், வேலை செய்யும் இடம் மாறினாலும் பாலிசி செல்லும் என்பது 2017 திருத்தத்தில் வந்த பெரிய நன்மை. காலம் முடிந்தால் அங்கிருந்தே இணையவழியில் புதுப்பிக்கலாம். மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு இரண்டு ஆண்டுக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால் கடைசி ஓராண்டு வெறுங்கையோடு நிற்க நேரும். வித்தியாசம் 100 ரூபாய்தான்.

இந்தக் காப்பீடு இல்லாமலே போகிறவர்கள் இரு வகை. விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவுக்கு மாறிக்கொள்கிறவர்கள் குடிபெயர்வு அனுமதி பெறாததால் இந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறார்கள்; ஏஜென்ட் "அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்லும்போது அவர் மிச்சப்படுத்துவது தம் வேலையை, தொழிலாளி இழப்பது இந்தப் பாதுகாப்பை. இரண்டாவது வகை, பத்தாம் வகுப்பு தேறியவர்கள். அவர்களுக்கு அனுமதி தேவையில்லை, ஆகவே கட்டாயக் காப்பீடும் இல்லை. படித்தவனுக்கு ஆபத்து குறைவு என்று சட்டம் நினைத்ததோ என்னவோ, ஆம்பூர் பக்கத்திலிருந்து பட்டயப் படிப்பு முடித்துப் போகிற எலக்ட்ரீஷியனும் அதே சாரத்தின் மேல்தான் ஏறுகிறார்.

அப்படிப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியம் ஒரு வழி வைத்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும், அல்லது போகவிருக்கும் 18 முதல் 55 வயது வரையிலான தமிழர்கள் 200 ரூபாய் ஒருமுறைக் கட்டணம் செலுத்தி உறுப்பினர் அட்டை பெறலாம். உறுப்பினராகிவிட்டால் தனிப் பிரீமியம் கட்டி 5 லட்சம் அல்லது 10 லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பீட்டில் சேரலாம். இசிஆர் பாஸ்போர்ட்டில் போகிறவரும் இதில் சேரத் தடையில்லை.

மருத்துவச் செலவின் முதல் சுமையை ஏற்க வேண்டியவர் வேலை கொடுப்பவர்தான். சவூதியில் தனியார் நிறுவனத் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. அமீரகத்தில் 2025 ஜனவரி 1 முதல் எல்லா எமிரேட்டிலும் அதுவே விதி. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட் தொழிலாளிக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீட்டின் குறைந்தபட்ச அளவு 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்கு 60,000 சிங்கப்பூர் டாலர். முன்பு இது 15,000 ஆக இருந்தது. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இகாமாவோ (சவூதியின் குடியிருப்பு அனுமதி அட்டை) வேறு அடையாள அட்டையோ வாங்கும்போது, காப்பீட்டு எண் என்ன, எந்த மருத்துவமனைகளில் அது செல்லும் என்று கேட்டு, இரண்டையும் படமெடுத்து ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். கேட்கத் தயங்குவார்கள், விசா கொடுத்த முதலாளியான கஃபீல் கோபித்துக்கொள்வாரோ என்று. உரிமையாக உள்ளதைக் கேட்பதற்குத் தயங்கத் தேவையில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள பாபு ராவ் தெருவில், மொழி தெரியாமல் கையில் கோப்புடன் நிற்கும் வங்கதேசத்துக் குடும்பங்களைத் தினமும் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. அவர்களாவது நாள் குறித்துக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். சவூதியின் தம்மாமில் திடீரென்று விழும் நம் ஆளுக்கு அந்த அவகாசமும் இல்லை. அந்நேரத்தில் முதலில் வேண்டியது அந்த நாட்டு ஆம்புலன்ஸ் எண்: சவூதியில் 997, அமீரகத்தில் 998, குவைத்தில் 112, கத்தாரிலும் மலேசியாவிலும் 999, ஓமனில் 9999, சிங்கப்பூரில் 995. மருத்துவமனையில் சேர்த்த உடனே முதலாளியின் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போக வேண்டும். தாமதமாகத் தெரிவித்ததைக் காரணம் காட்டிக் கோரிக்கையை மறுப்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது. அடுத்து இந்தியத் தூதரகம். பணவசதியற்ற இந்தியருக்கு அவசர சிகிச்சை, தங்குமிடம், திரும்பும் பயணச்சீட்டு, உடலை ஊருக்கு அனுப்புதல் ஆகியவற்றுக்குத் தூதரகங்களிடம் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒரு நிதி உள்ளது. இது உரிமைத் தொகை அன்று. தூதரகம் அவருடைய நிலையை விசாரித்து முடிவுசெய்யும் உதவி. ஆகவே விசா காலாவதியாகி ஒளிந்திருப்பவர் தூதரகத்தை அணுக அஞ்சினாலும், உயிர் ஊசலாடும்போது அந்த அச்சத்தை விடுவதே சரி.

ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு வழிகள் உண்டு. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையத்தளத்தில் புகார் பதிவுசெய்தால் அது நேராகச் சம்பந்தப்பட்ட தூதரகத்துக்குப் போகிறது. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், இந்தியில் உதவி என்று பொருள். வெளிநாடுவாழ் இந்தியருக்கான உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் கட்டணமில்லா எண் 1800 11 3090. துபாய், ரியாத், ஜித்தா, கோலாலம்பூர் நகரங்களிலும் இதே பெயரில் உதவி மையங்கள் இயங்குகின்றன. சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்கும் மனு அளிக்கலாம். சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவையும் அங்கே அனுப்பக் கேட்கலாம். மனுவில் பாஸ்போர்ட் எண், விசா எண், வேலை கொடுத்தவரின் பெயர், தொலைபேசி எண், மருத்துவமனையின் பெயர் இருந்தால்தான் அது நகரும். இந்த ஐந்தும் குடும்பத்தாரிடம் இருப்பதில்லை என்பதே பெரும்பாலும் முதல் தடை.

வேலைக்கு அல்லாமல் பிள்ளையைப் பார்க்க அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போகும் பெற்றோருக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்கள் பயணக் காப்பீட்டைத் தாமே எடுக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லாததால் பலர் எடுக்காமல் போகிறார்கள், செலவு மிகக் கூடுதலான நாடும் அதுவே. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏற்கெனவே இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. பிரீமியம் கூடுமே என்று மறைத்தால், மாரடைப்பு வரும் நாளில் காப்பீட்டு நிறுவனம் பழைய மருந்துச்சீட்டைக் கேட்கும். உம்ரா செல்வோருக்கு விசாக் கட்டணத்திலேயே 1,00,000 ரியால் வரையிலான காப்பீடு சேர்ந்திருக்கிறது. மேல்விஷாரத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் குழுவாகப் போகிறவர்கள் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு, மூல மருந்தின் பெயர் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். இங்கே வலிக்குக் கொடுக்கும் டிரமடால் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. சீட்டில்லாமல் பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே வழக்கு.

இழப்பீடு கோரும்போது மருத்துவமனையின் அசல் ரசீதுகள், டிஸ்சார்ஜ் அறிக்கை, விபத்தானால் காவல்துறை அறிக்கையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், பாஸ்போர்ட் நகல், பாலிசி நகல் ஆகியவை வேண்டும். விபத்து மரணத்தையோ ஊனத்தையோ இந்தியத் தூதரகம் சான்றளித்தால் பிரவாசி பாரதிய பீமா பாலிசி தந்த காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்க வேண்டும் என்பது விதி. திருப்பியனுப்புதலுக்கான காரணத்துக்கும் தூதரகச் சான்று வாங்கியே கிளம்ப வேண்டும். உடல் வரும்போது இறப்புச் சான்றிதழ், உடல் பதனிட்ட சான்றிதழ், தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்துசெய்யப்பட்ட பாஸ்போர்ட்டின் நகல் ஆகிய நான்கும் தேவை. விமான நிலையச் சுகாதார அனுமதிக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-கேர் என்ற இணையத்தளம் உள்ளது. நாமினியின் பெயர் பாலிசியில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி அலைய நேரும், அதற்கும் 90 நாளில் பாதி போய்விடும். ஆகவே பாலிசி எடுக்கும் அன்றே எழுத்துக்கு எழுத்துச் சரிபார்க்க வேண்டும்.

கோரிக்கையை நிறுவனம் மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் ஒரு மாதத்தில் வரவில்லை என்றாலும், வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. எந்த மேசைக்குப் போவது என்று தெரியாவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணில் கேட்கலாம்.