தட்டுப் போருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

போன மாசியில் கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அழைப்பு வந்தது. "அப்பாரு மத்தியானம் சோறு உண்டுட்டு வெளிய போனவருங்க, இன்னும் காணோம். உங்ககிட்ட சூடு பார்க்கற கேமரா இருக்குதுன்னு சொன்னாங்க, கொஞ்சம் வந்துருங்க" என்றார் பேரன். பெரியவருக்கு எண்பதைத் தாண்டிய வயது, மறதி நோய் வேறு. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. ஊரே டார்ச் லைட்டோடு காட்டுக்குள் இறங்கியிருந்தது.

என் தொழில் ட்ரோன் ஓட்டுவது. மஞ்சளுக்கும் வாழைக்கும் மருந்து அடிப்பேன், நிலம் அளந்து கொடுப்பேன். சூடானதை வெள்ளையாகவும் குளிர்ந்ததைக் கறுப்பாகவும் காட்டும் தெர்மல் கேமரா வைத்த சின்ன ட்ரோன் ஒன்றும் கையில் இருப்பதால், ஆள் காணாமல் போனால் கூப்பிடுகிறார்கள். ஊர்க் குழந்தைகள் அதைக் 'குட்டி ஹெலிகாப்டர்' என்பார்கள்.

அன்று இரவு மூன்று பேட்டரி தீர்ந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. திரை முழுக்க வெள்ளை. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை, கிணற்று மேட்டுக் கல், சிமெண்ட் களம், பம்ப்செட் ரூமின் தகரம், எல்லாமே ஆள் உடம்பின் சூட்டுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தன. மிச்சம் இருந்த புள்ளிகளெல்லாம் தேடப் போன சொந்தக்காரர்கள். காட்டுக்குள் நாற்பது பேர் நடந்தால் திரையில் நாற்பது புள்ளி நகரும். அதில் அப்பாரு யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோரையும் வீட்டு வாசலுக்கு வரச் சொல்லிவிட்டு, அதிகாலை நாலரைக்கு மறுபடி ஏற்றினேன். இப்போது கல் குளிர்ந்திருந்தது. திரை கறுப்பு. இரண்டு நாய், கட்டியிருந்த ஓர் எருமை. அப்புறம் வடக்கு மூலையில், காய்ந்த சோளத்தட்டை அடுக்கிய போருக்குப் பக்கத்தில், அரைகுறையாக ஒரு புள்ளி. ட்ரோனை முப்பது மீட்டருக்கு இறக்கி அசையாமல் நிறுத்தினேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் புள்ளி மெதுவாக மடங்கி நீண்டது. முழங்கால். குளிருக்குத் தட்டைத் தன் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். வெளியே தெரிந்தது இரண்டு கால் மட்டும்தான்.

பேரன் ஓடினார். உயிர் இருந்தது. உதடு காய்ந்திருந்தது, பேச்சு வரவில்லை. 108 வரும் வரைக்கும் ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் அதே போருக்கு மேலே நான் இரண்டு முறை பறந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெர்மல் கேமரா எதையும் ஊடுருவிப் பார்க்காது. இலை, தகரம், தட்டு, தண்ணீர், கண்ணாடி எது குறுக்கே வந்தாலும் அதன் மேற்பரப்பின் சூட்டைத்தான் காட்டும். ஆள் உயரத்துக்கு நிற்கும் மக்காச்சோளத்துக்குள் ஒருவர் விழுந்து கிடந்தால், நேர் மேலே வந்து இலை இடுக்கில் பார்த்தால்தான் உண்டு. ஆகவே உயரப் பறந்து ஒரே பார்வையில் ஊரைப் பார்த்துவிட முடியாது. உழவில் சால் விடாமல் ஓட்டுவது போல, ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் இடைவெளி விழாமல், தாழ்வாக, பொறுமையாகப் போக வேண்டும். பெட்டியில் முப்பது நிமிடம் என்று போட்டிருக்கும் பேட்டரி, ஆடிக் காற்றில் இருபது நிமிடம் தாங்கினால் பெரிது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இன்னும் குறையும். நடுவில் "அந்த மூலையைப் பாருங்க, இந்த மூலையைப் பாருங்க" என்று பத்துப் பேர் கையை நீட்டினால் சால் கலைந்துவிடும். கடைசியாகப் பார்த்தவர் ஒருவர் மட்டும் என் பக்கத்தில் நின்றால் போதும்.

அவரிடம் நான் கேட்பதும் கொஞ்சம்தான். கடைசியாக எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்? வழக்கமாக எங்கே போய் உட்காருவார்? வீட்டில் சண்டை நடந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர் கிணற்றுப் பக்கம் போயிருக்கலாம், வழி மறந்தவர் வாய்க்கால் கரையைப் பிடித்தே நடந்திருக்கலாம். தேடும் இடமே மாறிவிடும்.

இந்தக் கருவியால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. 2013 மே மாதம் கனடாவில் கார் கவிழ்ந்து, அடிபட்ட மயக்கத்தில் ஒருவர் இரவுக் குளிரில் எங்கோ நடந்து போய்விட்டார். ஹெலிகாப்டர் தேடியும் கிடைக்காதவரை, அந்நாட்டுக் காவல்துறை ட்ரோனில் வைத்த தெர்மல் கேமரா பனிக்கு நடுவில் காட்டிக்கொடுத்தது. அங்கே தரை குளிர்ந்து கிடந்ததால் உடம்பு பளிச்சென்று தெரிந்திருக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த வசதி விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும்தான்.

கண்டுபிடிப்பதும் மீட்பதும் வேறு வேறு வேலை. 2022 பிப்ரவரியில் வாளையாருக்கு அந்தப் பக்கம், மலம்புழா மலையில் ஓர் இளைஞர் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை ட்ரோன் படம் பிடித்தது. கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரால் அந்தச் செங்குத்துப் பாறையை நெருங்க முடியவில்லை. இரண்டு நாளாகி, நீலகிரி வெலிங்டனிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வந்த ராணுவத்தினர் கயிறு கட்டித்தான் அவரை மேலே ஏற்றினார்கள். அதனால் ட்ரோன்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவசர உதவி எண் 112 அல்லது தீயணைப்பு எண் 101-ஐக் கூப்பிடுங்கள். கயிறும் ஆளும் அங்கிருந்துதான் வரும்.

ஆற்று விஷயத்தில் எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு. பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் மேட்டுப்பாளையத்தில் பவானி மளமளவென்று ஏறும். நடு ஆற்றுப் பாறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். கீழ்பவானி வாய்க்கால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடுகிறது, தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் கால் தவறினால் கரையேறுவது கஷ்டம். முழுகிய உடலை எந்தத் தெர்மல் கேமராவும் காட்டாது. ஆனால் தலை தெரியும் வரைக்கும் ட்ரோனுக்கு வேலை இருக்கிறது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் லெனாக்ஸ் ஹெட் கடற்கரையில் அலையில் சிக்கிய இரண்டு பையன்களுக்கு ட்ரோன் மிதவையைப் போட்டது, அதைப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள். என் கேமரா ட்ரோனால் அவ்வளவு எடை தூக்க முடியாது. மருந்தடிக்கும் பத்து லிட்டர் ட்ரோனால் முடியும். அது இன்றைக்கு நம் பக்கம் பல ஊர்களில் இருக்கிறது. டேங்க்கைக் கழற்றி, மிதவையைத் தொங்கவிட்டு, பட்டனைத் தட்டினால் விடுகிற கொக்கி மாட்டினால் போதும். ஆனால் ஆளுக்கு நேர் மேலே கொண்டுபோகக் கூடாது, இறக்கைக் காற்றே அவரை அமுக்கும். தண்ணீர் வரும் பக்கம் தள்ளிப் போட்டால் ஓட்டமே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதை நீர் வற்றிய மாதங்களிலேயே தீயணைப்பு வீரர்களோடு சேர்ந்து பழகி வைத்திருக்க வேண்டும்.

வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வழி தவறினால் நடப்பதை நிறுத்துங்கள். மரத்தடியும் பாறை நிழலும் பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் அங்கே இருந்தால் மேலேயிருந்து தெரியவே மாட்டீர்கள். ட்ரோன் இரைச்சல் கேட்டதும் திறந்த இடத்துக்கு வந்து மல்லாந்து படுங்கள், உடம்பு பெரிதாகத் தெரியும். கத்தினாலும் விசிலடித்தாலும் எங்களுக்குக் கேட்காது. பகலில் வெள்ளை வேட்டியோ துண்டோ விரித்து ஆட்டுங்கள், இரவில் செல்போன் டார்ச்சை வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள்.

சொந்த ட்ரோன் வைத்திருப்பவர்கள் உதவுவதாக நினைத்துத் தாமாக ஏற்ற வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்திலேயே 400 அடிதான் உச்சம். கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் சுற்றிய பகுதிகளில் அனுமதி வேண்டும், காட்டுக்குள் வனத்துறையிடம் கேட்க வேண்டும். 2023 ஏப்ரலில் ஆலாந்துறைப் பக்கம் மலை தீப்பிடித்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றியது. அப்படி ஒன்று பறக்கும் வானத்தில் குறுக்கே ஒரு ட்ரோன் வந்தால் மீட்பு வேலையே நின்றுபோகும்.

மற்றபடி ஊர்க்காரர்கள் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. மேலே கம்பி போகாத ஒரு களம் காட்டுங்கள், நாய்களைப் பிடித்துக் கட்டுங்கள், பேட்டரி சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் கொடுங்கள். அன்றைக்குக் கோபியில் இரவு முழுக்க என் பேட்டரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் நிறைந்ததும் வந்து சொன்னது அந்த வீட்டு ஆத்தாதான்.