எம்.ஆர்.ஐ. படத்துக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியாது

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். வயது 42. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. 3 வாரமாக இடுப்பு வலி. அதில் 2 வாரம் படுக்கையிலேயே கழித்திருக்கிறார். உட்காருவதற்கு முன்பே ரிப்போர்ட்டை நீட்டினார். "டாக்டர், ஜவ்வு விலகிவிட்டதாம். அடுத்த வாரம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். செய்துகொள்ளலாமா?"

கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை. மரத்துப்போகிறதா? அதுவும் இல்லை. கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்திப் பார்த்தேன், நல்ல பலம். குதிகாலால் நடந்தார், நுனிக்காலால் நடந்தார். நரம்பு அழுத்தப்பட்டதற்கு ஓர் அடையாளமும் இல்லை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. தேதி கொடுத்த இடத்தில் யாரும் அவருடைய காலைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

படத்தில் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு, பிதுங்கியிருந்தால் வலிக்குக் காரணம் அதுதான், அதை வெட்டி எடுத்தால் வலி போய்விடும் என்ற நம்பிக்கையை உடைக்க நான் படும் பாடு கொஞ்சமல்ல. 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓர் இடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்குகளும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த கணக்கு இன்னும் தெளிவானது: வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் உண்டு, 80 வயதில் அது 96 சதவீதம். உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது, வலி வருவதற்கு முன்பே அங்கே இருந்திருக்கலாம்.

படமும் உடம்பும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். எல்5, எஸ்1 என்பவை கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகள். எல்5 அழுத்தப்பட்டால் பாதத்தின் மேற்புறமும் கட்டைவிரலும் பேசும். எஸ்1 என்றால் பாதத்தின் வெளி ஓரம். இடது கால் வலியோடு வந்தவரின் படத்தில் பிதுக்கம் வலப்பக்கம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க் அறுவை சிகிச்சை முக்கியமாகக் கால் வலிக்கானது. இடுப்பு வலிக்கு அதை நம்பிப் போகாதீர்கள். காலில் இறங்கும் கடுமையான வலி 6 வாரம் தாண்டியும் குறையவில்லை, படமும் ஒத்துப்போகிறது என்றால் அறுவை சிகிச்சை நியாயமான வழி. அப்போதும் அவசரம் இல்லை. 2007-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் அப்படிப்பட்ட 283 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிரிவினருக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பிறகு அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். வலியை எத்தனை நாள் பொறுக்க முடியும் என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும், நான் அல்ல.

ஆனால் தயவுசெய்து கவனியுங்கள், காத்திருக்கவே கூடாத நிலையும் உண்டு. ஆபரேஷனுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரு அம்மா, சிறுநீர் பிரிவதே தெரியவில்லை என்று நான்காம் நாள் வந்தார். அறுவை சிகிச்சை நடந்தது; சிறுநீர்க் கட்டுப்பாடு முழுமையாகத் திரும்பவில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் கசிந்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இரவு என்றால் இரவிலேயே. பாதம் தொங்கி, நடக்கும்போது தரையில் இழுத்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வலியோடு காய்ச்சல் இருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

42 வயதுக்காரர் கடைசியில் கேட்டார்: "அப்படியானால் படுத்தே ஓய்வெடுக்கட்டுமா?" கூடவே கூடாது என்றேன். ஹெல்சின்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், வலி அனுமதித்த அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தவர்கள்தான் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். தேதியைத் தள்ளிவைத்துவிட்டு, நாளையிலிருந்து நடக்கத் தொடங்கச் சொன்னேன். 3 வாரம் கழித்து மறுபடி பார்க்கிறேன். நடுவில் கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ உடனே அழைக்கும்படி என் எண்ணை அந்த ரிப்போர்ட்டின் உறை மீதே எழுதிக் கொடுத்தேன்.